செயற்கைக்கோளும் சிங்கி இறாலும்

நேயர்களுக்கு வணக்கம். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரையில் எங்கே பேசப் போனாலும் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சூரைக்கும் மத்திக்கும் செயற்கைக்கோள் இடம் சொல்கிறதே, சிங்கி இறால் கிடக்கும் பாரையும் அது காட்டக் கூடாதா?" என்பதே அது. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு.

செயற்கைக்கோளின் கண்ணுக்கு மீனும் தெரியாது, இறாலும் தெரியாது. கடலின் மேற்பரப்பில் உள்ள நீரின் வெப்பம், நிறம், மட்டம் ஆகியவற்றைத்தான் அது அளக்கிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெப்பமும், நீரில் மிதக்கும் நுண்பாசிகளின் பச்சையமும் சட்டென்று மாறும் எல்லைகளைக் கண்டறிந்து, அங்கே இரை சேரும், இரையைத் தேடி மீன் கூடும் என்று கணித்து அறிவிக்கிறது. மேகம் மூடிய நாள்களில் அந்த அறிவிப்பு தடைப்படுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். சிங்கியோ பகலெல்லாம் பாறை இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் அடித்தரையில் இரை தேடும் உயிர். மேலே ஓடும் நீரின் நிறம் இன்று மாறியதென்று அது நாளைக்கு இடம்பெயர்ந்து வந்துவிடாது.

அப்படியானால் செயற்கைக்கோளுக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அந்த வேலை சிங்கியின் குஞ்சுப் பருவத்தைச் சார்ந்தது. இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று நண்பர்கள் சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் வாழும் சிங்கியின் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கண்ணாடித் தாளை வெட்டி விட்டதுபோலத் தட்டையாக, உடல் வழியே மறுபுறம் தெரியும்படி இருக்கும். அது நீரோட்டத்தோடு 1,500 கிலோமீட்டர் தொலைவு வரைகூடச் சென்று, 9 முதல் 11 மாதங்கள் நடுக்கடலில் மிதந்து வளர்கிறது. பிறகு உருமாறி, வாயில் இரையே வைக்காமல், சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் நம்பிக் கரையை நோக்கி நீந்துகிறது. பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் வந்து சேருகிறது. அந்நாட்டு ஆய்வாளர்கள் கடற்புல்லைப் போன்ற செயற்கை நார்க்கற்றைகளை ஆழமற்ற நீரில் கட்டிவைத்து, மாதந்தோறும் முழுநிலவையொட்டித் தூக்கி உதறி, உள்ளே தங்கிய குஞ்சுகளை எண்ணுகிறார்கள். 1968 முதல் இந்த எண்ணிக்கை நடந்து வருகிறது. இன்று எண்ணிய குஞ்சு பிடிபடும் அளவுக்கு வளர 3 முதல் 4 ஆண்டுகள் ஆகும் என்பதால், வரப்போகும் பிடிப்பின் அளவை அவர்களால் முன்கூட்டியே மதிப்பிட முடிகிறது.

இனிச் செயற்கைக்கோளுக்கு வருகிறேன். அந்தக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் 'லீவின்' என்னும் நீரோட்டம் வெதுவெதுப்பானது. அது வலுக்கும் ஆண்டில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் கடல்மட்டம் சற்று உயரும். அத்தகைய ஆண்டுகளில் குஞ்சுகளும் மிகுதியாகக் கரை சேர்ந்தன. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்–பொசைடன் முதலான செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவும் ரேடார் அலையால் கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்ததால், துறைமுகத்து அளவுகோல் காட்டாத நடுக்கடல் நீர்ச்சுழல்களும் தெரியவந்தன. இங்கே கணிக்கப்படுவது எந்தப் பாரில் நாளை சிங்கி பிடிக்கும் கூடு போடலாம் என்பதன்று, சில ஆண்டுகள் கழித்துக் கூட்டில் எவ்வளவு விழும் என்பதே. இதை மறுபடியும் சொல்வதற்குக் காரணம், கேட்பவர்கள் பெரும்பாலும் முன்னதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இந்தக் கணிப்பும் ஒருமுறை பொய்த்தது. 2008-09 பருவத்தில் நீரோட்டம் வலுவாக இருந்தும், வந்த குஞ்சுகள் அதுவரையிலான 40 ஆண்டுப் பதிவிலேயே மிகக் குறைவு. முட்டையிடும் காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்கியதை ஒரு காரணமாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டின. நார்க்கற்றையில் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் உண்மை உடனே தெரிந்தது. அந்தக் குறைந்த தலைமுறை கூட்டுக்கு வருவதற்கு முன்பே, ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 டன்னாக இருந்த பிடிப்பை 5,500 டன்னாகக் குறைத்துவிட்டார்கள்.

நம் கரைக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிந்ததென்று நிலையத்தார் கையைக் காட்டிவிட்டார்கள். கடியபட்டணம் பார்களில் நார்க்கற்றை கட்டி எண்ணும் வேலையை முதலில் தொடங்க வேண்டும்; பல ஆண்டுப் பதிவு சேர்ந்த பிறகே அதைச் செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். முட்டை சுமக்கும் சிங்கியைக் கடலில் திரும்ப விடுவது பற்றியும் பேச நினைத்தேன். அது இன்னொரு நாள். வணக்கம்.