அம்மா பிந்தவில்லை, கடிகாரம்தான் முந்திவிட்டது

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில், பெற்றோர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேசியதை எழுதியது)

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, பதினைந்து இருபது பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாரெல்லாம் தினமும் அலாரம் அடித்துத்தான் எழுந்தீர்கள்? மூன்று கை. மற்றவர்கள் தானாக எழுந்தவர்கள். இன்றைக்கு நான் பேசப் போவது இதைப் பற்றித்தான்.

என் அம்மாவும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற அலாரக் கடிகாரம் ஒன்று இருந்தது. நாலு மணிக்கு முள்ளை வைத்துவிட்டுப் படுப்பார், ஆனால் அது அடித்து நான் கேட்ட நாட்கள் குறைவு. அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பே எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று, அதன் தலையில் இருக்கும் பொத்தானை இருட்டிலேயே தடவி அமுக்கிவிடுவார். அப்புறம் அடுப்பு, கோப்பி, நெற்றி விளக்கு, தோட்டத்தில் பெயர் கொடுக்கிற பெரட்டு. அம்மாவுக்குள் ஏதோ ஒன்று மணி பார்க்கிறது என்று சின்ன வயதில் நான் உண்மையாகவே நம்பினேன். பிற்பாடு அறிவியல் ஆசிரியர் ஆனபோதுதான் தெரிந்தது, நான் நம்பியது எழுத்துக்கு எழுத்து உண்மை.

முதலில், அவ்வளவு காலையில் ஏன் போக வேண்டும்? பால்மரத்துக்கும் நேரம் உண்டு. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு காட்டுக்குப் போவேன். கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகும், வெட்டின கோடு ஒரு நொடி வெறுமனே இருக்கும், பிறகு ஊசி முனை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, சாய்வில் இறங்கி மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். விடியலுக்கு முன் வெட்டின மரம் ஓடவிடும். பத்து மணிக்கு வெட்டினால் அதே மரம் கஞ்சத்தனம் பண்ணும். காரணம் இதுதான். இரவில் இலையில் உள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன, வேர் இழுக்கிற தண்ணீர் வெளியே போகாமல் மரத்துக்குள்ளேயே நிற்கிறது, பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் காற்றடித்த டயர் மாதிரி விம்மி இருக்கின்றன. வெயில் ஏறியதும் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிறது, அந்த அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோலகங்சாரில், 1877-இல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்த லட்சக்கணக்கான மரங்களின் நேரத்துக்குத்தான் நம் தாத்தா பாட்டிமார் தங்கள் உடம்பைப் பழக்கினார்கள்.

உடம்பு எப்படிப் பழகுகிறது? ஜெர்மனியில் சில ஆய்வாளர்கள் செய்து, 1999-இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆட்களைத் தூங்க வைத்து, சில இரவுகளில் 'உங்களை ஆறு மணிக்கு எழுப்புவோம்' என்றும், சில இரவுகளில் 'ஒன்பது மணிக்கு' என்றும் சொன்னார்கள். ஆறு மணி என்று நம்பிப் படுத்தவர்களின் ரத்தத்தில், அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே உடம்பை எழுப்பத் தயார்படுத்தும் ஹார்மோன் ஒன்று ஏறத் தொடங்கியது. ஒன்பது மணி என்று நம்பியவர்களை எதிர்பாராமல் ஆறு மணிக்கு எழுப்பியபோது, அந்த முன்னேற்பாடு அவர்களிடம் இல்லை. அதாவது ஆள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. நம் அம்மாக்கள் அலாரத்தை முந்திக்கொண்டது இப்படித்தான்.

இந்த உள்கடிகாரம் மனிதனுக்கு மட்டும் உள்ளது இல்லை. லயத்து ஓரத்தில், திடலில், எங்கே பார்த்தாலும் தொட்டாச்சிணுங்கி கிடக்கும். தொட்டால் சுருங்கும் என்பது நமக்குத் தெரியும், பொழுது சாய்ந்தால் தொடாமலேயே சுருங்கும் என்பதையும் பார்த்திருப்பீர்கள். 1729-இல் டி மெரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் இந்தச் செடியை வெளிச்சமே படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். உள்ளே சூரியனே இல்லை. ஆனாலும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. சூரியனைப் பார்த்துச் செடி நடக்கவில்லை, செடிக்குள்ளேயே பகலும் இரவும் இருக்கிறது! எனக்கு அறிவியலில் மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு செடி, ஓர் இருட்டறை, பொறுமையான ஓர் ஆள், வேறு செலவே கிடையாது.

மனிதனை இருட்டில் வைத்தால்? 1962-இல் மிஷேல் சீஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கைக்கடிகாரம் இல்லாமல் இறங்கி இரண்டு மாதம் தனியாக இருந்தார். தூக்கம் வந்தபோது தூங்கினார், பசித்தபோது சாப்பிட்டார். செப்டம்பர் 14-ஆம் தேதி அவரை மேலே கூப்பிட்டபோது, இன்னும் ஆகஸ்ட் 20 தானே ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மனம் நாளைத் தவறவிட்டுவிட்டது, உடம்பு தவறவிடவில்லை. அவர் தூங்கி விழித்த கணக்கைப் பார்த்தால் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வந்தது.

அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்றால், இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்குள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்கு நேர் மேலே. அரிசி மணி அளவுதான், சுமார் 20,000 நரம்பணுக்கள். அதன் வேலையை விளக்க வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே போதும். தொட்டி நிரம்ப நிரம்ப மிதவை மேலே வந்து குழாயை அடைத்துவிடும், தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கித் திறந்துவிடும். அதே மாதிரி உயிரணுவுக்குள் ஒரு மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது, புரதம் சேரச் சேர அதுவே திரும்பிப் போய் அந்த மரபணுவை நிறுத்துகிறது, பிறகு புரதம் சிதைந்து குறைகிறது, மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈக்களை வைத்து இதைக் கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கல்லீரலிலும் குடலிலும்கூட இப்படிச் சின்னக் கடிகாரங்கள் இருக்கின்றன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரம் ஆக வேண்டும் என்று. அந்த வாரம் என் அம்மா இரண்டு நாள் பெரட்டுக்குப் பிந்திப் போனார். வீட்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்க மறந்துவிட்டோம், உடம்போ பழைய நாலு மணிக்கு, அதாவது புது நாலரைக்குத்தான் எழுப்பிவிட்டது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் லயம் முழுக்கப் பேசப்பட்டது: "நான் பிந்தலை மண்டோரே, கடிகாரம்தான் முந்திருச்சு."

எவ்வளவு சரியான அறிவியல், பாருங்கள். சூரியன் கணக்குப்படி நம் ஊர்க் கடிகாரம் இன்றும் ஒன்றேகால் மணி நேரம் முந்தித்தான் ஓடுகிறது. நம்ப முடியாவிட்டால் நாளைக்குத் திடலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் குறுகி நிற்பது 12 மணிக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். விடிவதும் ஏழு மணியைத் தாண்டித்தான். அப்படியானால் இங்கே காலை ஐந்தரைக்கு எழுப்புகிற பிள்ளையை, சூரியன் கணக்கில் நாலேகால் மணிக்கு எழுப்புகிறோம். பால்வெட்டப் போன என் அம்மாவின் பழைய நாலு மணி, இன்றைய கடிகாரத்தில் நாலரை. எட்டு வயதுப் பிள்ளையை, மரம் வெட்டப் போனவரைவிட ஒரே ஒரு மணி நேரம்தான் அதிகமாகத் தூங்க விடுகிறோம்!

அதுகூடப் பரவாயில்லை. அம்மா படுத்தது எட்டு மணிக்கு. மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தால் லயத்தில் வேறு என்ன இருந்தது, தவளைச் சத்தம்தான். நம் பிள்ளைகள் படுப்பது எத்தனை மணிக்கு? யாரும் பதில் சொல்ல வேண்டாம், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. தோட்டத்தை விட்டு வந்தோம், லயத்தை விட்டு வந்தோம், அம்மாக்களின் எழும் நேரத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவர்கள் படுத்த நேரத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், பதின்ம வயதில் 8 முதல் 10. வயதுக்கு வருகிற பருவத்தில் உள்கடிகாரம் தானாகவே பின்னால் நகர்கிறது. அதனால் பதினைந்து வயதுப் பையனுக்கு இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராமல் இருப்பதும், காலையில் தண்ணீர் தெளித்தாலும் எழாமல் இருப்பதும் திமிர் இல்லை, உடம்பு. இது தெரியாமல் நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் தினமும் முதல் பாடத்திலேயே தூங்கிவிடுவான். ஒரு வருடம் முழுக்க அவனை எழுப்பி நிற்க வைத்தேன். அவன் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, அவர் வரும் வரை தம்பி தங்கைகளை அவன்தான் பார்த்துக்கொண்டான் என்று வருடக் கடைசியில்தான் தெரிந்தது. நான் ஒரு தடவைகூட அவனைக் கேட்கவில்லை. தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெரியவர்கள் விஷயமும் இருக்கிறது. நம் நாட்டில் 2023 சுகாதார ஆய்வின்படி வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இனிப்பைக் குறைத்தாயா, நடந்தாயா என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். தூங்கினாயா என்று யார் கேட்கிறோம்? 1999-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் வெறும் நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். ஆறே இரவுதான், அந்த இளைஞர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களைப் போல ஆகிவிட்டது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டுகிற ஹார்மோனும் ஏறும். இரவு ஒரு மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஏன் இழுக்கிறது என்று இப்போது புரிகிறதா?

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. கண்ணுக்குள் பார்வைக்கு இல்லாமல், பகலா இரவா என்று உள்கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன, 2002-இல்தான் அது உறுதியானது. நீல வெளிச்சத்துக்கு அவை நன்றாக மசியும். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சளில் நீலம் குறைவு, கைப்பேசியில் நிறைய. மூக்குக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு படுத்தால், மூளைக்கு இன்னும் பொழுது சாயவில்லை. அதனால் ஒன்பது மணிக்கு வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசியும் வரவேற்பறையில் ஒரு தட்டில் இருக்கட்டும், அப்பா அம்மா கைப்பேசியும் சேர்த்து. காலையில் பிள்ளையோடு பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். மூடாக்கு வானம்கூட நம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அதுதான்.

கேள்வி கேட்கலாம். சொல்லுங்கள் தம்பி. இரவு வேலை, காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறீர்கள், படுத்தால் தூக்கம் வரவில்லை. சரி. தம்பி, 17 மணி நேரம் விழித்திருந்தால் கைகால் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடைய நிதானத்துக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் விஷயம், கண் சொருகினால் வண்டியை எடுக்காதீர்கள், நண்பரோடு வாருங்கள், இல்லையென்றால் இருபது நிமிடம் அங்கேயே தலை சாய்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேலைக்குப் போகும் முன் மாலையில் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். கோப்பி வேலையின் முதல் பாதியில் மட்டும், குடித்ததில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டில் சன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி. வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், அவர் படுத்திருக்கும் பகல் அவருக்கு நள்ளிரவு மாதிரி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள்.

அந்தப் பாட்டி கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் பாட்டி. மரம் வெட்டுவதை விட்டு இருபது வருடம் ஆகிறது, இன்னும் நாலு மணிக்கே விழிப்பு வருகிறது, அது நோயா? இல்லை பாட்டி. வயது ஏற ஏறக் கடிகாரம் கொஞ்சம் முன்னால் வரும், உங்களுக்குப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எட்டரையா?

ஏழரை மணி நேரம். பகலில் அசதி இல்லையே? அப்படியானால் இந்த மண்டபத்தில் நன்றாகத் தூங்குகிறவர் நீங்கள்தான் பாட்டி.