சத்யம் நிகழ்வும் மாணவர் விடைத்தாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைப் படிப்பில் வணிக அறநெறி என்று ஒரு பாடம் உண்டு. அதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்தும் அதன் விடைத்தாள்களைத் திருத்தியும் வருகிற ஆசிரியர் என்ற முறையில், ஒரு நிறுவனத்துக்குள் எழும் அறச்சிக்கலை மாணவர் ஆராய்ந்து எழுதும்போது அந்த ஆராய்ச்சியை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கணக்குப் பதிவியல் தாளில் ஐந்தொகையின் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மதிப்பெண் இடலாம். இங்கே அத்தகைய பிடிமானம் ஒன்றும் இல்லாததால், திருத்துகிறவர் தம்மை அறியாமலே தம் கருத்தோடு ஒத்துப்போகும் விடைக்குக் கூடுதலாகவும் ஒத்துப்போகாத விடைக்குக் குறைவாகவும் போட்டுவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

எங்கள் வகுப்பில் அடிக்கடி எடுத்துக்கொள்வது ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸின் கதை. அதன் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து ஆராயச் சொன்னால், தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகின்றன. பேராசை தவறு, நேர்மை வேண்டும் என்று தொடங்கி, நடுவில் ஒரு குறளை மேற்கோள் காட்டி, கடுமையான தண்டனை வேண்டும் என்று முடித்துவிடுகிறார்கள். இவற்றில் ஒரு வரியும் தவறில்லை. ஆனால் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க வரியும் இல்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு குற்றம் என்று சொல்வதற்கு மாணவர் எந்த உழைப்பையும் செலவிட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் நான் கதையை 2008 டிசம்பர் 16 அன்றே நிறுத்திவிடுகிறேன். அன்று நடந்த இயக்குநர் குழுக் கூட்டம், ராஜு குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் தந்தது. (சத்யம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என்று வரும்.) முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்திலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் மேலாண்மைக் கல்வியில் பெரும்பெயர் பெற்ற பேராசிரியர்களும் உண்டு. அதே 2008-இல்தான் சிறந்த நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருதும் சத்யத்துக்குக் கிடைத்திருந்தது. இவ்வளவு மட்டும் தெரிந்த ஒருவர், அந்த மேசையில் அமர்ந்திருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும்? இதுதான் நான் கொடுக்கும் வினா.

இதற்கு வரும் விடைகளில் நான் முதலில் தேடுவது, அன்றைக்குத் தெரிந்ததையும் பின்னால் தெரியவந்ததையும் மாணவர் பிரித்துப் பார்க்கிறாரா என்பதை. சட்டத்தைப் பற்றி எழுதும்போது இது பளிச்சென்று வெளிப்பட்டுவிடும். ஊழியர்கள் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி புகார் அளித்திருக்கலாம் என்று எழுதுகிறவர், 2008-இல் அந்தச் சட்டமே இல்லை என்பதை மறந்துவிடுகிறார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் முறைகேட்டைத் தெரிவிப்பதற்கென ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிற்காலச் சட்டம்தான் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு, உள்ளே இருந்துகொண்டு உண்மையைச் சொல்ல நினைத்தவருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்று தேடிப் பார்த்த மாணவருக்கு நான் தயங்காமல் மதிப்பெண் தருவேன்.

அடுத்ததாக, யாரெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று பார்க்கிறேன். ராஜு ஒருவரால் மட்டும் இத்தனை பெரிய பொய்யைக் கட்டிக்காத்திருக்க முடியாது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் (இன்வாய்ஸ்கள்) கணினியில் ஏற்றப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 10 பேரில், நிதிப்பிரிவு ஊழியர்களும் வெளித் தணிக்கையாளர்கள் இருவரும் அடக்கம். தலைவரைத் திட்டுவது எளிது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரிடம் மேலதிகாரி வந்து ‘இதை ஏற்றிவிடுங்கள்’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தை எழுதிக் காட்டுவது கடினம். அதை எழுத முயன்ற தாள் தடுமாறியிருந்தாலும் எனக்கு அது மேலானது. தொடக்கத்தில் சிறிதாக இருந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்று ராஜுவே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வளர்ச்சியின் எந்தப் படியில், யார், எதைச் சொல்லி இறங்கியிருக்க முடியும் என்று கேட்கும் தாள் ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர், மேட்டாஸ் ஒப்புதலுக்காகச் சுயாதீன இயக்குநர்களை, அதாவது நிர்வாகத்தைச் சாராமல் வெளியிலிருந்து குழுவில் அமர்த்தப்பட்டவர்களை, குறைசொல்ல முடியாது என்று வாதிட்டிருந்தார். அது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத கருத்து. குறைந்த மதிப்பெண்ணே போட்டேன். விடுமுறையில் மறுபடி படித்தபோதுதான், ஓர் இயக்குநரின் முன்னால் என்னென்ன தாள்கள் வைக்கப்படுகின்றன, அவற்றைத் தயாரிப்பவர் யார், கேள்வி கேட்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்திருந்ததைக் கவனித்தேன். அதற்குள் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டன. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு, மாணவரின் முடிவு எழுதப்பட்ட கடைசிப் பத்தியைக் கடைசியாகவே படிக்கிறேன். அவர் மறுக்கும் வாதத்தை, அதை நம்புகிறவரே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நியாயமாக எடுத்துரைத்திருக்கிறாரா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்த மாணவி ஒருவர், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: வங்கியில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று சொல்லும் கடிதத்தைத் தணிக்கையாளர் வங்கியிடமிருந்து நேரே பெற்றாரா, நிறுவனத்தின் கையிலிருந்து பெற்றாரா? சத்யம் விவகாரத்தின் அடிவேரே அங்குதான் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அழகான ஆங்கிலத்தில் நான்கு பக்கம் நிரப்பியவர் அந்தக் கேள்விக்கு அருகில்கூட வரவில்லை. இரண்டு தாள்களையும் இரண்டாவதாக ஒரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அவர் மாணவியின் தாளுக்கு என்னைவிட ஐந்து மதிப்பெண் குறைவாகப் போட்டிருந்தார். இருவரும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, அந்த ஐந்து மதிப்பெண் எந்த வரியில் போயிற்று என்று தாளின் மேல் விரல் வைத்துத் தேடினோம்.