ஷாக்குக்கும் அடங்காத இதயம்

(கோத்தகிரியில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் திருத்தப்படவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேச்சு என்றால் இந்த மண்டபத்தில் நிற்கக்கூட இடம் இருந்திருக்காது. பரவாயில்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு மாரடைப்பும் முதலுதவியும். மாரடைப்பைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அதில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டம். ஆள் சட்டென்று விழுகிறார், மூச்சு இல்லை, நாடி இல்லை. இதயமே நின்றுபோகிறது.

நின்றுபோகிறது என்கிறோம். ஆனால் முதல் சில நிமிடங்களில் பல பேருக்கு இதயம் அசையாமல் இருப்பதில்லை. கீழ் அறைகளின் தசை தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பது இதைத்தான். இதற்கு மருந்து மின்சார ஷாக். ஒரு ஷாக்கிலேயே திரும்பியவர்களும் உண்டு. மூன்று ஷாக் கொடுத்தும் நடுக்கம் அடங்கவில்லை என்றால் அதை அடங்காத வகை என்று தனியாகப் பிரிக்கிறோம். இன்றைக்கு என் பேச்சு இவர்களைப் பற்றித்தான்.

ஏன் அடங்குவதில்லை? அடைபட்ட குழாய் திறக்காதது ஒரு காரணம். இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உயிருக்கு ஆபத்து வரும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. போதாதென்று நாங்களும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மில்லிகிராம் அட்ரினலின் ஊசி போடுகிறோம். அது ரத்தக்குழாய்களை இறுக்கி இதயத்தசைக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது, அது நல்லது. அதே மருந்து நடுங்குகிற தசையை இன்னும் உசுப்பிவிடுகிறது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் வேலையையும் சேர்த்துத்தான் செய்கிறோம். 2018-ல் பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் போட்டவர்களில் 3.2 சதவீதம், போடாதவர்களில் 2.4 சதவீதம். பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் விகிதமோ அட்ரினலின் போட்ட பக்கம்தான் அதிகம். அதனால் அந்த மருந்தை விட்டுவிட முடியுமா என்றால், முடியாது. அப்படியானால் இதயத்துக்கு உசுப்பல் போகிற வழியை மட்டும் மறித்தால் என்ன?

அந்த வழி கழுத்தில் இருக்கிறது. காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகெலும்பை ஒட்டி, நட்சத்திர வடிவில் ஒரு நரம்பு முடிச்சு. ஸ்டெல்லேட் கேங்லியன் என்று பெயர். இதயத்தை முடுக்கிவிடும் நரம்புகளில் பெரும்பங்கு அதன் வழியாகப் போகிறது. வலப்பக்க முடிச்சுக்குத் துடிப்பின் வேகத்தில் செல்வாக்கு அதிகம், இடப்பக்க முடிச்சுக்குக் கீழ் அறைகளில். அதனால்தான் இடப்பக்க முடிச்சில் ஊசி போட்டு, அதைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கிற யோசனை. 1916-லேயே புகாரெஸ்ட் நகரில் ஜோனெஸ்கு என்ற அறுவை மருத்துவர் நெஞ்சுவலிக்காக இடப்பக்க முடிச்சை வெட்டியே எடுத்திருக்கிறார். எங்கள் துறையில் இந்த ஊசி புதிதே இல்லை. அடிபட்ட பிறகு கையில் மாதக்கணக்கில் எரிச்சல் நிற்காதவர்களுக்கு வலி சிகிச்சையாக இதைத்தான் போடுகிறோம்.

செய்முறை இதுதான். குரல்வளைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலால் அழுத்தி, துடிக்கிற பெரிய ரத்தக்குழாயை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஊசி நேராக இறங்கி எலும்பைத் தொட வேண்டும். ஒரு துளி பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்துவிட்டு, 10 மில்லிக்குள் லிக்னோகைன். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே மருந்துதான். சில நிமிடத்தில் வேலை செய்யும். பிழைத்து எழுந்தவருக்கு இடது கண் இமை சில மணி நேரம் சொருகியிருக்கும். பக்கவாதம் என்று வீட்டார் பதறுவார்கள். ஊசி சரியான இடத்தில் விழுந்ததற்கு அதுதான் அடையாளம், தானாகச் சரியாகிவிடும். ஆபத்தும் இல்லாமல் இல்லை. மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் வலிப்பு வரும், கழுத்தில் ரத்தம் கட்டலாம், நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துப் போடுவது பாதுகாப்பு. ஆனால் ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது கழுத்து குலுங்கும். அந்த நிலையில் போடுவதற்குப் பழகிய கை வேண்டும்.

பலன் உண்டா? மருத்துவமனைக்குள், திரும்பத் திரும்ப இதயம் தடம் புரள்கிற நோயாளிகளிடம் நல்ல பலன் தெரிகிறது. 2024-ல் வெளியான ஸ்டார் ஆய்வில் 131 பேருக்கு இந்த ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களிடம் அந்தத் தடம் புரளல் தணிந்தது. அதை நடத்தியது இத்தாலியில் பாவியா நகர மருத்துவர்கள். அதே குழுவினர் தெருவில் விழுந்தவர்களிடமும் இதை முயன்றிருக்கிறார்கள். அங்கே அவசர வண்டியில் மருத்துவரே போகிறார், அதனால் முடிகிறது. ஆனால் தெருவில் போட்டதற்கான சான்று இன்னும் சிறியது. ஒரு பாதிப் பேருக்குப் போட்டு, மறு பாதிக்குப் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிற பெரிய சோதனை வரும்வரை நான் இதை நம்பிக்கை என்று சொல்வேன், சிகிச்சை முறை என்று சொல்லமாட்டேன்.

சரி, இதைப் போய் கோத்தகிரியில் ஏன் பேசுகிறேன்? அடங்காத நடுக்கத்துக்குப் பெரிய நகரங்களில் எக்மோ வைக்கிறார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப அனுப்பும் எந்திரம். அது நம் மலையேறி வராது. மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. மூடுபனி இறங்கினால் ஆம்புலன்ஸும் முதல் கியரில்தான். சோலூர்மட்டத்திலோ கீழ்க்கோத்தகிரியிலோ விழுந்தவர் முதலில் இங்கே வந்து சேர வேண்டும். ஊசியும் சிரிஞ்சும் லிக்னோகைன் குப்பியும் எந்தச் சின்ன ஆஸ்பத்திரி அலமாரியிலும் உண்டு. மலைக்குப் பொருந்துகிற வழி இது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். 108 வண்டியில் வருவது மருத்துவர் அல்ல, அவசரகாலத் தொழில்நுட்பர். அவர் கையில் இந்த ஊசியைக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் வண்டி வந்து நிற்கிற ஆஸ்பத்திரி வாசலில், பழகிய ஒரு மருத்துவர் போடலாம். அந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்.

அதற்கு முன் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. கனடாவில் 405 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு இது. மூன்று ஷாக்குக்கும் அடங்காதவர்களுக்கு ஷாக் பட்டைகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து, ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டினார்கள். வழக்கமான முறையில் 13.3 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள், இடம் மாற்றியதில் 21.7. இரண்டு எந்திரங்களை வைத்து அடுத்தடுத்து ஷாக் கொடுத்ததில் 30.4. இரண்டு எந்திரம் கிடைக்காவிட்டால் போகட்டும், பட்டையை இடம் மாற்ற யாருடைய அனுமதி வேண்டும்?

யாரோ கேட்கிறீர்கள், வண்டி வரும்வரை நாங்கள் என்ன செய்வது என்று. அழுத்துங்கள். நடு நெஞ்சில், ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120. இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017-ல் பொதுமக்களுக்கென்று வகுத்த முறையில் வாயோடு வாய் வைத்து ஊதுவதே கிடையாது, அழுத்தம் மட்டும்தான். யாரும் தொடாவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் போய்விடும். அதற்கப்புறம் கழுத்தில் நான் எந்த ஊசியைப் போட்டும் பயனில்லை. எத்தனை நேரம் அழுத்துவது? வண்டி வரும்வரை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் யாருக்கும் கை ஓயும். தேயிலைத் தொழிற்சாலை முதலாளிகள் சிலர் வந்திருக்கிறீர்கள். இலை எடை போடும் இடத்தில் ஒரு ஏ.ஈ.டி. பெட்டி, அதாவது யாரும் ஷாக் கொடுக்கக்கூடிய தானியங்கி எந்திரம், மாட்டுவதைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும், தப்பித்துப் போய்விடாதீர்கள்.

பின் மேசையில் இரண்டு பொம்மைகள் வைத்திருக்கிறேன். சரியான ஆழத்துக்கு இறங்கினால் கிளிக் என்று சத்தம் வரும். ஐந்தைந்து பேராக வாருங்கள், புடவை கட்டியவர்கள் முட்டி போடப் பாய் விரித்திருக்கிறது. டீ அதற்கப்புறம்தான்.