32 பைட்டில் மூன்று நேரம்

நேயர்களுக்கு வணக்கம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் காலை 10.15-க்கு எடுத்த படம். மெமரி கார்டை லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் பிற்பகல் 3.45 என்று காட்டுகிறது. கார்டில் கோளாறு இல்லை. 32 ஜிபி வரையுள்ள கார்டுகளில் ஃபைல்களை அடுக்கிவைக்க வழக்கமாக இருக்கும் முறை ஃபேட் 32. அது மணியை எழுதும்; எந்த ஊர் மணி என்று எழுதாது. கார்டை லினக்ஸோடு இணைக்கும்போது, அதாவது மவுண்ட் செய்யும்போது, யுடிசி என்று கொடுத்துவிட்டால், நம் நேரத்தையே கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டிவிடும்.

ஃபேட்டில் ஒரு ஃபைலுக்கான பதிவு 32 பைட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் அதில் கடைசியாகத் திருத்திய நேரம் ஒன்றுதான் உண்டு: நாளுக்கு 2 பைட், மணிக்கு 2 பைட். நடுவே 10 பைட் தரிசாகக் கிடந்தது. பிறகு, பங்காளிகள் காணியைப் பிரித்த மாதிரி, அதைப் பிரித்துக்கொண்டார்கள். உருவான நேரத்துக்கு 5, கடைசியாகத் திறந்த நாளுக்கு 2, பெரிய டிஸ்குக்காக ஃபேட் 32 எடுத்துக்கொண்டது 2, பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதற்கு 1. ஆயிற்று பத்து! திறந்ததற்கு நாள் மட்டும் தெரியும், மணி தெரியாது. 2 பைட்டில் அவ்வளவுதான் அடங்கும்.

மணிக்கான 2 பைட் என்பது 16 பிட். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போனால் வினாடிக்கு மிஞ்சுவது 5 பிட். அதில் 31-க்கு மேல் எழுத முடியாது. ஆகவே வினாடியைப் பாதியாக்கி வைக்கிறார்கள். 10 மணி 15 நிமிடம் 31.5 வினாடி என்றால் வினாடிக் கட்டத்தில் 15 விழும். திரும்பப் படித்தால் 30. விட்டுப்போன ஒன்றரை வினாடி, உருவான நேரத்துக்கு மட்டும், தனி பைட்டில் 150 என்று பதிவாகும். நூறில் ஒரு பங்கு வினாடிக் கணக்கு அது. திருத்திய நேரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பேக்கப் எடுப்பவர்களைப் படுத்துவது இதுதான். ஹார்டு டிஸ்கில் 31, பென் டிரைவில் 30. ஒரு மாற்றமும் செய்யாத ஃபைலை மென்பொருள் ஒவ்வொரு முறையும் மறுபடி நகலெடுக்கும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க, லினக்ஸில் நகலெடுக்கும் ஆர்சிங்கில் 'மாடிஃபை விண்டோ' 1 என்று கொடுங்கள். விண்டோஸின் ரோபோகாப்பியில் 'எஃப்எஃப்டி' என்ற சுவிட்சைச் சேருங்கள்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒன்று. விண்டோஸில் நகலெடுத்தால் திருத்திய நேரம் பழையதாகவே வரும், உருவான நேரம் நகலெடுத்த நேரமாகிவிடும். உருவானது திருத்தியதற்குப் பிந்தி இருந்தால் அது பெரும்பாலும் நகல். படம் எடுத்த நேரம் வேண்டுமானால் படத்துக்குள்ளே கேமரா எழுதும் எக்ஸிஃப் தகவலைப் பாருங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அது தனிக் கதை. கடிகாரமே இல்லாத சில கருவிகள் 1980 ஜனவரி 1 என்று எழுதிவைக்கும். ஃபேட்டின் ஆண்டுக் கணக்கு தொடங்குவதே 1980-இல்தான்.

நேரம் வினாடி பிசகாமல் வேண்டுமென்றால் ஃபைல்களை, அவற்றின் நேரத்தையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கும் டார் கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைப் பென் டிரைவில் போடுங்கள். கல்யாண வீடியோ என்றால் கவனம்: ஃபேட் 32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்டக் கூடாது, கட்டைப் பிரிக்க வேண்டிவரும். புது கார்டு 64 ஜிபி என்றால் அதில் ஃபேட்டின் புதிய வடிவமான எக்ஸ்ஃபேட் இருக்கும். அது கிரீன்விச்சிலிருந்து உள்ள நேர வித்தியாசத்தையும் கால்மணிக் கணக்கில் எழுதும். நமக்கு 22 கால்மணி.