என் கட்டைவிரல் போட்ட உலக சாதனை: 20.87

வணக்கம் மக்களே. இன்றைக்குக் குரல் இப்படித்தான் இருக்கும். நேற்று கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. அதுவும் தப்பான காரணத்துக்காகக் கத்தினேன். அந்த மானக்கேட்டைச் சொல்லத்தான் கோப்பிகூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில், நம் காலாங்கில், உலக நீச்சல் போட்டி நடக்கிறது என்று ஒரு மாதமாக உங்கள் காதைத் தின்றுகொண்டிருந்தேன் அல்லவா? நேற்று, 2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை இரவு, ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. நேரில் போனேன். ஒரே ஒரு நீளம். திரும்புவது கிடையாது, வியூகம் கிடையாது, பலர் ஒரு தடவைகூட மூச்சு எடுப்பதில்லை. விழு, அடி, தொடு. அதே டிக்கெட்டில் பெண்கள் 800 மீட்டரும் உண்டு, அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி எட்டு நிமிடத்துக்கு மேல் நீந்தித் தங்கம் வாங்கினார். ஊரே அதற்குத்தான் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் நான் போனது அந்த 21 வினாடிக்காக. நீளமான பந்தயத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை என்பது மாரத்தான் வீடியோவில் பாதியில் தூங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது இதைப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடும் பழைய பாணி. போனில் இருக்கிறதே, எதற்கு இது என்று கேட்பீர்கள். போன் கண்ணாடியைத் தொட்டால் தொட்ட உணர்வே இருக்காது. இதில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டக்'குக்குத்தான் 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்தேன். கடை பெயரைச் சொல்ல மாட்டேன். "பேட்டரி உள்ளேயே இருக்கு தம்பி" என்று அந்த அங்கிள் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து திருகாணியைக் கழற்றினால் உள்ளே காற்றுதான் இருக்கிறது. பொத்தான் பேட்டரி தனியாக 4 வெள்ளி 20 காசு. ஆக மொத்தம் 22 வெள்ளி 20 காசு. அந்தத் திருகாணி வேறு கட்டிலுக்கு அடியில் உருண்டு, அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன். கிடைத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் போன வருடம் தொலைந்த வலது காது இயர்பட்டும் கிடைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் லாபம்தான்.

துணைக்கு அக்கா மகனைக் கூட்டிப் போனேன். பத்து வயது. நீச்சல் வகுப்பு வீடியோவில் என்னைப் பார்த்துச் சிரித்தானே, அவனேதான். அவனுக்குப் போனில் டைமர், எனக்கு ஸ்டாப்வாட்ச். யார் மின்கடிகாரத்துக்கு நெருங்கி வருகிறார்களோ அவர்களுக்கு மற்றவர் ஐஸ் கச்சாங் (சீவிய ஐஸில் செய்யும் இனிப்பு) வாங்கித் தர வேண்டும். பந்தயம் கட்டியாயிற்று.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அது இல்லாமல் கதை புரியாது. நான் ஏன் கேமரன் மெக்கவாய் கட்சி? ஆஸ்திரேலிய நீச்சல் வீரர், 31 வயது, இயற்பியல் படித்தவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போகும்போது 100 மீட்டரில் 47.04 வினாடி கையில் வைத்திருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். 7ஆவது வந்தார். தங்கத்தை அவர் நாட்டுக்காரரே, 18 வயது கைல் சால்மர்ஸ், அள்ளிக்கொண்டு போனார். டோக்கியோவும் சரியாக அமையவில்லை. அதன்பிறகு குளத்தை விட்டுக் கொஞ்ச காலம் விலகி, பாறை ஏறுவது, பளு தூக்குவது என்று உடம்பை வேறு மாதிரி ஆக்கிக்கொண்டு திரும்பினார். 50 மீட்டர் நீந்துகிறவன் எதற்காக வாரக்கணக்கில் கிலோமீட்டர் கிலோமீட்டராக நீந்த வேண்டும் என்று கேட்டு, நீந்தும் தூரத்தை முன்பிருந்ததில் ஒரு சின்னப் பங்காகக் குறைத்துவிட்டார். குறைத்ததும் வேகம் கூடியது. 2023இல் ஃபுகுவோகாவில் 21.06, தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21.25, தங்கம்.

இதை ரயிலில் அக்கா மகனிடம் சொன்னது பெரிய தப்பு. "அப்போ என் கோச் மட்டும் ஏன் மாமா இத்தனை லேப் போடச் சொல்றார்?" என்றான். ஸ்டேடியம் நிலையம் வந்துவிட்டது, தப்பித்தேன்.

பாரிஸுக்கு முன்னால் தோஹா இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். 2024 பிப்ரவரி, அதே உலகப் போட்டி. உக்ரைனின் விளாடிஸ்லாவ் புகோவ் 21.44, மெக்கவாய் 21.45. இதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 2.3 மீட்டர் சொச்சம் போகிறார்கள். 0.01 வினாடி என்றால் 2.3 சென்டிமீட்டர். நகம் வெட்டாமல் வந்திருந்தால் ஜெயித்திருப்பார் போல.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். எட்டுப் பேரும் மேடை ஏறினார்கள். அத்தனை பேர் நிறைந்த அரங்கம் ஒரே நொடியில் அடங்கிவிட்டது. யாரோ ஒரு குழந்தை இருமியது, அது மட்டும் கேட்டது. எனக்குக் கட்டைவிரல் வியர்த்து வழுக்குகிறது. சட்டையில் துடைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே ஒலி வந்துவிட்டது. 'டக்'.

பிறகு வெறும் வெள்ளை நுரைதான். டிவியில் பார்க்கும்போது எந்தத் தடத்தில் யார் என்று கொடி போட்டுக் காட்டுவார்கள். நேரில் அதெல்லாம் இல்லை. எட்டு பேர் சேர்ந்து தண்ணீரைக் கிழிக்கிறார்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மெக்கவாய் மட்டும் என் கண்ணில் நின்றார். அவர் கை நீரை அடிப்பதுபோல் தெரியவில்லை, தண்ணீருக்குள் ஏதோ ஏணி இருந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. சுவர் வந்தது, கை நீண்டது, 'டக்'.

கீழே பார்த்தேன். 20.87.

மக்களே, அன்றைக்கு இருந்த உலக சாதனை என்ன தெரியுமா? 20.91. பிரேசிலின் சீசர் சியலோ 2009 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் நீந்தியது. உடம்பு முழுக்க ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் அந்தப் பளபளா உடைகள் இருந்த காலம். அடுத்த மாதமே அவற்றுக்குத் தடை வந்துவிட்டது. அன்றுவரை 15 வருடத்துக்கு மேலாக ஒருவராலும் தொட முடியாமல் இருந்த எண். என் கையில் 20.87! எழுந்து நின்று "வேர்ல்ட் ரெக்கார்ட்! வேர்ல்ட் ரெக்கார்ட்!" என்று கத்தினேன். முன் வரிசையில் இருந்த ஒரு சீனப் பாட்டி திரும்பிப் பார்த்து, நம்பி, அவரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். அதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

நேரம் காட்டும் பலகையில் வந்தது 21.14. மெக்கவாய் முதலிடம். பிரிட்டனின் பென் ப்ரௌட் 21.26, அமெரிக்காவின் ஜாக் அலெக்ஸி 21.46. ப்ரௌட் வளர்ந்தது நம் பக்கத்து மலேசியாவில், அதனால் அவர் மேலும் எனக்கு ஒரு பாசம் உண்டு. பாரிஸில் 0.05 வினாடியில் தங்கத்தை விட்டார், இங்கே 0.12இல். கணக்குப் போட்டால் 28 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேல்கூட முழுசாக இல்லை.

அக்கா மகன் போனைக் காட்டினான். 21.09.

இங்கேதான் நான் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். என் கட்டைவிரலில் பழுது இல்லை, மனிதக் கட்டைவிரலே அப்படித்தான். ஒலி காதில் விழுந்து விரல் அசைவதற்குள் கால் வினாடி போய்விடும், அதனால் தொடக்கத்தில் தாமதம். முடிவில் கை சுவருக்கு வருவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சரியான நேரத்தில் அமுக்கிவிடுகிறோம். ஆகவே கையால் அமுக்கும் கடிகாரம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். 0.27 வித்தியாசம் நியாயமானது. பயல் எப்படி 21.09 கொண்டுவந்தான் என்பதுதான் புரியவில்லை. ஒலிக்கு முன்னாலேயே அமுக்கியிருப்பான் என்று சந்தேகம். ஃபால்ஸ் ஸ்டார்ட், தகுதி நீக்கம் என்றேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

கட்டைவிரல் சண்டை ஒலிம்பிக்கிலேயே நடந்திருக்கிறது. 1960, ரோம், ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்கர் லான்ஸ் லார்சனுக்கு மூன்று பேர் கடிகாரம் பிடித்தார்கள்: 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியர் ஜான் டெவிட்டுக்கு மூன்று பேர், மூன்றிலும் 55.2. சின்ன எண் யாருடையது? லார்சனுடையது. தங்கம் யாருக்கு? டெவிட்டுக்கு! முதலிடம் பார்க்கும் நடுவர்களில் இரண்டு பேர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடம் பார்ப்பவர்களில் இரண்டு பேரோ டெவிட்தான் இரண்டாவது என்றார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் முடிவு செய்து, லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றிவிட்டார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, நான் அப்போது பிறக்கவே இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரில் டச் பேட் வந்துவிட்டது. அலை மோதினால் அது அசையாது, கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். நேற்று இடைவேளையில் அந்த மஞ்சள் டச் பேடை ஜூம் செய்து எடுத்தேன், இதோ இங்கே போடுகிறேன். கொஞ்சம் ஆடுகிறது, கை நடுங்கியது.

இன்னொன்று. வெண்கலம் வாங்கிய அலெக்ஸி அதே இரவு ஆண்களும் பெண்களும் சேர்ந்து நீந்தும் கலப்பு 4x100 ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் வந்து, அமெரிக்க அணி 3:18.48இல் உலக சாதனையே போட்டுவிட்டது. நிஜ உலக சாதனை. அப்போது கத்தலாம் என்று பார்த்தால் என்னிடம் குரல் இல்லை. அந்தப் பாட்டி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பலகையைக் கை காட்டினேன். இந்தத் தடவை அவர் முதலில் பலகையைப் படித்துவிட்டுத்தான் கைதட்டினார்.

ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். கடலை தூக்கலாகப் போடச் சொன்னான், அதற்குத் தனியாக 50 காசு. ரயிலில் கயிறோடு ஸ்டாப்வாட்ச்சை அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டான், தூங்கியும் விட்டான், எடுக்க மனம் வரவில்லை. காலையில் அக்கா போன் செய்தாள். பையன் அத்திம்பேர் பல் தேய்ப்பதை டைம் எடுத்திருக்கிறானாம், ஒரு நிமிடம் 4.31 வினாடி. அடுத்த வாரம் ஈஷூன் குளத்தில் என்னை எடுக்கப் போகிறானாம். உங்களுக்கே தெரியும், என்னுடைய சிறந்த நேரம் 50 மீட்டருக்கு 1 நிமிடம் 8 வினாடி, நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சேர்த்து. அவன் கட்டைவிரல் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.