பாறையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கதை

வணக்கம் நேயர்களே. நிகழ்ச்சிக்கு அழைத்த தம்பி "அண்ணா, பத்து நிமிடம், மீன்பிடிப்பதைப் பற்றி, குடும்பமாக இருந்து கேட்கிற மாதிரி" என்றார். மீனைப் பற்றிப் பத்து நிமிடத்தில் கதைத்து முடித்த ஒரு தூண்டிற்காரனை நான் இன்னும் சந்திக்கவில்லை. பார்ப்போம்.

நான் தொழில்முறை மீனவன் இல்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வளர்ந்தவன், சிட்னியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், சனிக்கிழமை விடியற்காலையில் மட்டும் தூண்டிற்காரன். அவ்வளவுதான் என் தகுதி. ஞாயிற்றுக்கிழமை கூஜி, மரூப்ரா பக்கம் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கீழே பாறைத் தட்டில் நான்கைந்து பேர் நீளத் தடியோடு நிற்பார்கள். அதில் ஒருவர் உங்கள் வீட்டு அண்ணனாகவோ மருமகனாகவோ இருக்கலாம். அவர் இப்போது வானொலிக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் கொஞ்சம் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஏனென்றால் மீனைவிட அவரைப் பற்றித்தான் நான் அதிகம் கதைக்கப் போகிறேன்.

நாங்கள் கடலைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இங்கே வருகிறோம், அதுதான் பிரச்சினை. எங்கள் ஊர்க் கடலுக்கு முன்னால் பாக்கு நீரிணை, ஆழம் குறைவு, எதிரே இந்தியா. பெருக்கும் வற்றும் இருந்தாலும் அதிகம் ஏறி இறங்காது. வாடைக் காற்று அடித்தால் கடல் கொந்தளிக்கும், காற்று நின்றால் கடலும் ஓரளவு அடங்கும். காற்றைப் பார்த்தால் கடலைப் பார்த்த மாதிரி. இங்கே அப்படியில்லை. சிட்னிக்கு முன்னால் தாஸ்மன் கடல், அதற்கு அப்பால் முழுப் பசிபிக். தெற்கே எங்கேயோ தாஸ்மேனியாவுக்குக் கீழே ஒரு புயல் அடித்து ஓய்ந்திருக்கும், அதன் அலை இரண்டு நாள் கழித்து, வெயில் எறிக்கிற, ஒரு இலைகூட அசையாத காலையில் மரூப்ராவில் வந்து மோதும். இதைத்தான் இங்கே ஸ்வெல் என்கிறார்கள். காற்று இல்லை, வானம் நீலம், கடல் மட்டும் அடிக்கும். இதை இரண்டு தரம் மூன்று தரம் சொல்லப் போகிறேன், சலிக்காதீர்கள்.

சரி, வானிலை அறிக்கை. தொலைபேசியைத் திறந்தால் ஸ்வெல் 1.5 மீற்றர் என்று போட்டிருக்கும். ஒன்றரை மீற்றர்தானே, என் தோளளவு, நான் நிற்கிற பாறை மூன்று மீற்றர் உயரம், பயமில்லை என்று மனம் கணக்குப் போடும். நான் கணக்காளன், நானே அப்படித்தான் போட்டேன். ஆனால் அந்த எண் பெரிய அலையின் உயரம் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைப் போடுகிறார்கள். சராசரி என்றால் அதைவிடப் பெரியதும் இருக்கிறது என்றுதானே பொருள்? இடைக்கிடை அதைப்போல் இரண்டு மடங்கு அலை வரும் என்று வானிலை ஆய்வு மையமே சொல்கிறது. அப்படியென்றால் 1.5 என்று போட்டிருக்கிற நாளில் 3 மீற்றர் அலை வரலாம். வந்து மோதிப் பாறையில் ஏறினால் இன்னும் உயரம்.

பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், செக்கன் கணக்கில். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம். 7, 8 என்றால் கிட்டத்திலிருந்து வருகிற காற்றலை. 13, 14 என்றால் தூரத்துப் புயலின் அலை, அதில் தண்ணீர் கனம் அதிகம். ஒரே 1.5 மீற்றர், 8 செக்கனில் வந்தால் ஒரு மாதிரி, 14 செக்கனில் வந்தால் வேறு மாதிரி. பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள், பரவாயில்லை.

பல வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம், மச்சானும் நானும் லிட்டில் பே பக்கம் ஒரு பாறைத் தட்டுக்குப் போனோம். இன்னும் விடியவில்லை. வாளி, இரைப்பெட்டி, தேநீர்ப் போத்தல், மனைவி கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் ஒரு பெட்டியில். நல்ல பெட்டி, மூடி இறுக்கமானது, அதை நினைவில் வைத்திருங்கள். மேலே பாறை விளிம்பில் ஒரு வயதான மனிதர், கொரியாக்காரர் என்று பிறகுதான் தெரியும், தடியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். தூண்டில் போடவில்லை, முடிச்சுப் போடவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மச்சான் சொன்னான், "பாவம், கிழவருக்கு நித்திரை போல." சிரித்துக்கொண்டே இறங்கினோம். கடல் குளம் மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தோம், நல்ல கடல் என்று முடிவு செய்தோம், தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, வீசினோம்.

ஒரு கால்மணி நேரம் ஒன்றும் இல்லை. மச்சான் குனிந்து இரை கோர்க்கிறான், நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஊற்றுகிறேன். சத்தமே வித்தியாசமாக இருந்தது. அலை மோதுகிற சத்தம் இல்லை, தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம். திரும்பிப் பார்க்க முதல் இடுப்பளவு தண்ணீர். நான் ஒரு பாறை முனையைக் கட்டிப்பிடித்தேன், மச்சான் என் காற்சட்டையைப் பிடித்தான். தண்ணீர் வடிந்தபோது வாளி இல்லை, இரைப்பெட்டி இல்லை, மச்சானின் ஒரு செருப்பு இல்லை, இடியப்பப் பெட்டி அழகாக மிதந்து நியூசிலாந்துப் பக்கம் போகிறது. எழும்ப முதல் இரண்டாவது அலை. அதற்குப் பின்னால் மூன்றாவது. பிறகு பழையபடி குளம்.

அந்தக் கிழவர் இறங்கி வந்தார். என் முழங்காலுக்குத் துணி கட்டினார். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டார், ஐந்து நிமிடம் என்றோம். அவர் திட்டவில்லை. நாங்கள் நின்ற பாறையைத் தொட்டுக் காட்டினார். கறுப்பாக, வழுவழுப்பாக, ஓரத்தில் பச்சைப் பாசி. பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார், அங்கே பாறை வெளிறி, காய்ந்து, சொரசொரப்பாக இருந்தது. ஈரமான பாறை கடலுக்குச் சொந்தம், அவ்வளவுதான் விஷயம். வானம் தெளிவாக இருக்கிற ஒரு காலையில், மழை பெய்யாத பாறை ஏன் நனைந்திருக்கிறது என்று இரண்டு படித்த மனிதர்கள் யோசிக்கவில்லை.

பெரிய அலைகள் தனியாக வருவதில்லை, மூன்று, நான்கு, ஐந்து என்று கூட்டமாக வரும், இடையில் பத்து நிமிடமோ அதற்கு மேலுமோ கடல் அடங்கிக் கிடக்கும். ஐந்து நிமிடம் பார்க்கிறவன் அந்த அடங்கிய நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குகிறான். அதனால் இருபது நிமிடம். உயரத்தில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக இருபது நிமிடம். தூண்டில் முள்ளைக் கட்டுங்கள், தேநீர் குடியுங்கள், ஆனால் கண் கடலில். அந்த நேரத்தில் ஒரு அலையாவது நீங்கள் நிற்கப் போகிற இடத்தை நனைத்தால் வேறு இடம், அல்லது வீடு. (பெட்டியைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் கேள்வி வருகிறது. புதிது இரண்டு வாங்கிக் கொடுத்தாயிற்று, அது மாதிரி இல்லையாம்.)

காற்றுக்கு வருவோம், எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். கச்சான், மேற்கிலிருந்து வருவது, இங்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடலின் மேற்பரப்பை இஸ்திரி போட்ட மாதிரித் தட்டையாக்கும், வீசுவதற்கும் சுகம். ஆனால் மேற்பரப்பைத்தான் தட்டையாக்கும், ஸ்வெல்லை நிறுத்தாது. முன்னால் சொன்னேனே, காற்று வேறு, அலை வேறு. சோழகம், தெற்குக் காற்று, இங்கே கோடை வெக்கை நாளில் திடீரென்று வந்து வெப்பத்தைப் பத்துப் பாகைக்கு மேல் இறக்கிவிடும், கொஞ்ச நேரத்தில் கடலும் கலங்கும். தெற்கு வானத்தில் உருளையாக ஒரு முகில் வரிசை தெரிந்தால் சாமானைக் கட்டுங்கள். வடகிழக்குக் காற்று கோடைப் பின்னேரங்களில் வருவது. அது இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் மேல்தண்ணீரை வெளியே தள்ளி, ஆழத்துக் குளிர்த் தண்ணீர் மேலே வந்துவிடும். சனவரி மாதம் காலை வைத்தால் விறைக்கும், மீன் வாயைத் திறக்காது. நேற்று நன்றாகப் பிடிபட்டதே என்று தலையைச் சொறிகிறவர்கள் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர்ச் சூடும் நாட்காட்டிக்குப் பின்னால்தான் நடக்கும். மாசி, பங்குனியில் 23, 24 பாகை, அதுதான் உச்சம், ஆவணி வாக்கில் 18க்குக் கிட்ட இறங்கும். அதனால் இப்போது, மே மாதம், காற்றுக் குளிர்ந்துவிட்டது, தண்ணீர் இன்னும் குளிரவில்லை. டெய்லர் என்கிற கூரிய பல்லுள்ள மீனுக்கு இதுதான் காலம்.

பெருக்கு வற்றுக்கு ஒரு வார்த்தை. அமாவாசை, பௌர்ணமி தெரிந்த எங்களுக்கு இது சுலபம், வீட்டில் விரத நாட்காட்டி தொங்குகிறதே. அந்த நாட்களை ஒட்டித்தான் பெருக்கு அதிகம், சிட்னியில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் 2 மீற்றர் வரை போகும். பெருக்கு நேரம் நாளுக்குக் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தும். விடியலும் ஏறுகிற தண்ணீரும் சேருகிற காலை மீனுக்கு நல்லது. பாறைக்கு? வற்றில் காய்ந்திருந்த தட்டு ஏறுகிற தண்ணீரில் நனையாமல் இருக்காது, அதையும் யோசியுங்கள். கடற்கரை மணலில் நிற்கிறவர்கள் வெள்ளை நுரைக்கு நடுவில் கரும்பச்சையாக ஓடுகிற தண்ணீரைத் தேடுங்கள், அங்கே பள்ளம், மீன் அதற்குள் வரும். நீந்துகிறவர்களை இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டமும் பல நேரம் அதே பள்ளத்தில்தான் ஓடும், பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம்.

சட்டம். உயிர்காப்பு அங்கி பற்றிப் பாறை மீன்பிடிப் பாதுகாப்புச் சட்டம் 2016இல் வந்தது, முதலில் ராண்ட்விக் மாநகரசபைப் பகுதியில், அதாவது கூஜி, மரூப்ரா, லிட்டில் பே எல்லாம் சேர்த்து. போடாவிட்டால் 100 டொலர் தண்டம். வெக்கையாக இருக்கிறது, நான் நீந்துவேன் என்று சொல்கிற பெடியன்களுக்கு: இங்கே பாறையிலிருந்து அடிபட்டு இறந்தவர்களில் எங்களைப் போல வேறு நாட்டில் பிறந்தவர்கள் பலர். ஒருவர் விழுந்தால் நீங்கள் குதிக்க வேண்டாம். பாறைகளில் சில இடங்களில் ஏஞ்சல் ரிங் என்கிற மிதவை வளையம் கம்பத்தில் தொங்கும், அதை எறியுங்கள், 000க்கு அழையுங்கள். விழுந்தது நீங்கள் என்றால் பாறைக்கே திரும்ப ஏறப் பார்க்காதீர்கள், அலை தேங்காய் துருவுகிற மாதிரித் துருவிவிடும். வெளிப்பக்கம் தள்ளிப் போய் மிதந்துகொண்டு காத்திருங்கள்.

மீன்பிடி அனுமதிச்சீட்டு வருடத்துக்கு 35 டொலர், 18 வயதுக்குக் கீழே தேவையில்லை. அளவுகோல் கட்டாயம் கொண்டு போங்கள், டெய்லர் 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற எதையும் சாப்பிட வேண்டாம், அடிச்சேற்றில் பழைய தொழிற்சாலை நச்சு இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். இரையும் சமையலும் அப்படியே மிச்சம் இருக்கிறது, அதைத்தான் ஆசையாக எழுதி வைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். டெய்லருக்குச் சாளை இனத்து பில்சாட் மீனை முழுதாகக் கோர்க்க வேண்டும், மூன்று நான்கு முள்ளை ஒன்றோடொன்று கோர்த்து, ஏனென்றால் அதன் பல் கத்தரிக்கோல், ஒற்றை முள் என்றால் தங்கூசியை நறுக்கிவிட்டுப் போய்விடும். பிடித்த உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடிய விட்டு ஐஸில் வையுங்கள், சதை மெதுவானது, மதியம் வரை வாளியில் கிடந்தால் குழம்புக்கும் உதவாது. அவுஸ்திரேலிய சாமன் என்று ஒன்று வரும், பெயர்தான் சாமன், அந்தக் குடும்பமே இல்லை. இங்கே பலர் பூனைக்குப் போடுகிற மீன் என்பார்கள். விடாதீர்கள். அவித்து உதிர்த்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு கொஞ்சம் தாராளமாக, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்து கட்லட் போட்டால்... ஒரு விரல் ஆகிவிட்டது. ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரியுங்கள், எண்ணெய் நன்றாகச் சூடாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.