போகிறேன் என்றால் போவதில்லை

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றைச் செய்யும் எண்ணத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. ஒருவர் எழுந்து, “இருங்க, நான் எடுக்கிறேன்” என்கிறார். அதையே “நான் எடுக்கப் போகிறேன்” என்று சொல்லியிருந்தால்? எடுக்க வேண்டியதுதானே, அதற்கு எதற்கு அறிவிப்பு என்று நினைப்பீர்கள். அந்த நேரத்தில் “ஐ ஆம் கோயிங் டு கெட் இட்” என்று சொன்னால் ஆங்கிலக்காரர் காதிலும் அப்படித்தான் இடறும். அவர் “ஐ வில் கெட் இட்” என்பார். அந்த நொடியில் எடுத்த முடிவுக்கு ‘வில்’, முன்பே மனத்தில் போட்டு வைத்ததற்கு ‘கோயிங் டு’. வகுப்பில் இந்த விதியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். நம் வாயில் அது ஏற்கெனவே தமிழாக இருக்கிறது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ‘கோயிங் டு’ முதலில் நிஜமாகவே கால் நடந்து போவதுதான். ஒரு வேலையைச் செய்யப் போகிறவன் அந்த எண்ணத்தோடுதானே போகிறான்? நாளடைவில் நடை கழன்று, எண்ணம் மட்டும் நின்றுவிட்டது. 1646-இல் ஜோஷுவா பூல் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே ‘அபவுட் டு’, ‘கோயிங் டு’ இரண்டையும் சேர்த்து எதிர்காலத்துக்கு அடையாளமாகச் சொல்கிறார். தமிழும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. நாற்காலியை விட்டு அசையாமலே “யோசிக்கப் போகிறேன்” என்கிறோம். பேச்சில் ‘கோயிங் டு’ சுருங்கி ‘கன்னா’ ஆகும், ஆனால் எண்ணத்தைச் சொல்லும்போது மட்டும். “ஐ ஆம் கன்னா ஸ்லீப்” சரி. “ஐ ஆம் கன்னா ஸ்கூல்” என்று யாரும் சொல்வதில்லை. கால் நடக்கும் இடத்தில் அது சுருங்க மறுக்கிறது!

இதையே இறந்த காலத்துக்குக் கொண்டு போங்கள். “ஐ வாஸ் கோயிங் டு கால் யூ.” கூப்பிடலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கேட்பவருக்கே புரிந்துவிடும். நான் பல வருடம் “ஐ தாட் டு கால் யூ” என்று எழுதிக்கொண்டிருந்தேன். ‘நினைத்தேன்’ என்பதை அப்படியே தூக்கி வைத்ததன் பலன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: “ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ.” இலக்கணப் பெயரைக் கேட்டால் மிரண்டுவிடுவோம். தமிழில் இதைத் தினமும் சொல்கிறோம்: “கூப்பிடணும் கூப்பிடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.” நாம் சொல்லை இரட்டிக்கிறோம், அவர்கள் வினையை நீட்டுகிறார்கள். குற்ற உணர்ச்சி இரண்டிலும் ஒன்றுதான். இதே ‘மீன்’ எதிர்மறையில் வரும்போது வேறு வேலை செய்யும். யார் காலையாவது மிதித்துவிட்டால் “ஐ டிடின்ட் மீன் டு” என்பார்கள், வேண்டுமென்று செய்யவில்லை என்று.

செய்யலாம் என்றிருப்பதைச் சொல்லும் ‘பிளானிங் ஆன்’, ‘திங்கிங் ஆஃப்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வரும் வினைக்கு ‘இங்’ வால் வேண்டும், அவ்வளவுதான். ஆவலோடு எதிர்பார்ப்பதைச் சொல்லும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில்தான் பலர் வழுக்குவார்கள். ‘டு’வைப் பார்த்ததும் “சீ யூ” என்று எழுதத் தோன்றும். “சீயிங் யூ” என்பதே சரி.

கடைசியாக ‘அபவுட் டு’. “ஐ வாஸ் அபவுட் டு லீவ்” என்றால் கிளம்பப் போன நேரம், செருப்பில் ஒரு கால் நுழைந்தாயிற்று. ஆனால் ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு “ஐ ஆம் நாட் அபவுட் டு அபாலஜைஸ்” என்று சொன்னால், இப்போதைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அப்புறம் கேட்பார் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அவர் சொன்னது இது: “நானாவது, மன்னிப்புக் கேட்பதாவது!”